கொலம்பஸ் பாயின் நாற்பது நிமிடங்கள்

1984ஆம் வருஷம் முந்திரிப்பருப்பு விலை ஏறியதற்கு ஹபீபுர் ரஹ்மான் என்ற அரசாங்க டிரைவர் வழி தவறியதுதான் காரணம் என்று மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு வதந்தி உண்டு. வதந்திக்கு இப்போது நாற்பது வயது. அதைத் தினமும் பால் ஊற்றி வளர்த்து வருபவர் டீக்கடை அய்யாதுரை அண்ணாச்சி. சொந்த ஊர் நாசரேத் பக்கம். எந்த ஊர் விவகாரமானாலும் சொந்த விவகாரமாகவே பேசுவார்.

"வெளிநாட்டு ஜனாதிபதி ஒருத்தர் வந்தாருவே, முந்திரிக்கொட்டை ஒப்பந்தம் போட. கையெழுத்துப் போடுத நேரத்துல ஆளக் காணோம். எங்க போனாரு? நம்ம பாய் வண்டியில போனாரு. பாய் எங்க போனாரு? அது பாய்க்கே தெரியல. நாப்பது நிமிசம் மெட்ராஸையே சுத்திருக்காரு. அதுக்குள்ள அங்க உக்காந்திருந்தவன் கோவிச்சுக்கிட்டு விலைய ஏத்திப்புட்டான். எங்க அக்கா கல்யாணத்துல பாயசத்துல முந்திரி கெடையாது, தெரியுமா?"

பாயசத்தில் முந்திரி இல்லாததற்கு ஒரு சர்வதேசக் காரணம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வாரம் ஒரு பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல முந்திரி கிடைக்காது. சரிபார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். சரிபார்ப்பதில் எனக்கு இருந்த ஆர்வம், சரியாக இருக்கக் கூடாதே என்ற ஆர்வம்தான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஹபீபுர் ரஹ்மானைக் கச்சேரி ரோடு முழுக்கக் கொலம்பஸ் பாய் என்றுதான் அழைக்கும். பெயர் வைத்தவர்கள் அவருடன் வேலை பார்த்த டிரைவர்கள். அரசு விருந்தினர்களுக்கான கார் பிரிவில் பதினோரு வருஷம் வெள்ளை யூனிஃபார்மில் இருந்தவர், அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஸ்டேஷனரி ஏற்றும் லாரிக்கு மாற்றப்பட்டார். அதிலேயே இருபத்து நான்கு வருஷம் ஓட்டி, அதிலிருந்தே ஓய்வு பெற்றார். அப்புறம் பழைய மாருதி வேன் ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் இருக்கும் வயசானவர்களை டாக்டரிடம் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். ஹார்ன் அடிக்க மாட்டார். வேகத்தடை வந்தால் முன்கூட்டியே சொல்வார்.

அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. இறங்கும்போது கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்க வண்டிகளில் லாக் புக் என்று ஒன்று இருக்கும். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், கடைசிக் கட்டத்தில் பயணம் செய்தவர் கையெழுத்து. அது இல்லாவிட்டால் பெட்ரோல் கிடையாது. சொந்த வேனுக்கு சொந்தக் காசில் பெட்ரோல் போடும்போதும் பாய் அந்த வழக்கத்தை விடவில்லை. நீளமான நோட்டு ஒன்றில் தானே கோடு போட்டு வைத்திருந்தார்.

"எறங்கறதுக்குள்ள பேனாவ நீட்டறார். என்னமோ ஆத்தையே எழுதி வாங்கிண்டுடப் போற மாதிரி" என்று அவருடைய நிரந்தர சவாரியான ஜானு மாமி சொல்வார். ஆனாலும் போடுவார். இறங்கும் இடத்தில்தான் போட வேண்டும், அது பாயின் சட்டம். முன்னதாகப் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். "வண்டி இன்னும் போய் சேரல மாமி" என்பார்.

நான் அந்த வருஷத்து அரசாங்கக் கோப்பைப் பார்க்கப் போகிற ஆள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பியது பாயின் மனைவி அஸ்மத்துன்னிசா. சந்துக்குள் இரண்டு அறை வீடு. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்.

"பேப்பர்ல நக்கல் பண்ணி எழுதுறவரு நீங்கதானே? குந்துங்க."

குந்தினேன். டீ வந்தது. பாகு மாதிரி இனிப்பு.

"சக்கர தூக்கலா கீதா? வர்றவங்களுக்கு அப்படித்தான். அவுருக்கு மட்டும் அர ஸ்பூனு. எம்பத்தி நாலுலேர்ந்து."

"சுகரா?"

"ஒரு நோயும் கெடையாது. அது தண்டனை."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய தர்க்கம் எந்த விசாரணைக் கமிஷனுக்கும் குறைந்ததல்ல. "எங்க வூட்டு ஆம்பள தூக்கத்துல கூட மெட்ராஸ் ரூட்ட ஒப்பிப்பாரு. அவுரு வழி தவறுவாரா? மாட்டாரு. அப்போ பொய் சொல்றாரு. எதுக்கு பொய் சொல்லணும்? அன்னிக்கு காலைல அடையார் டீக்கடையாண்ட சர்க்கார் கார நிறுத்திட்டு நின்னுகினு இருந்தத எதுத்த வூட்டு டிரைவர் பொஞ்சாதி பாத்திருக்கு. கைல ரெண்டு கிளாஸ் டீ. ஒரு ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு கிளாஸு?"

"நேராகக் கேட்டீங்களா?"

"நாப்பது வருசமா கேக்கறேன். 'வழி தவறிட்டேன் அஸ்மத்'ன்றாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் எழுபதாவுது. அடையார்ல யாரு இருந்தாங்கன்னு மட்டும் பாத்து சொல்லுங்க. பொம்பளன்னாலும் பரவால்ல. இனிமே எங்க போயி சண்ட போட? தெரிஞ்சா போதும். அவுரு இருக்கும்போதே தெரியணும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு வேண்டியது உண்மை, எனக்கு வேண்டியது எண்ணூறு வார்த்தை. இரண்டும் ஒரே கோப்பில் கிடைக்கும்போது எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் ஆவணக் காப்பகத்துக்குப் போகப் பாயின் வேனையே கூப்பிட்டேன். இதில் ஒரு குறும்பு இருப்பதாக எனக்கு நினைப்பு. எழுபத்து நான்கு வயதிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

"பழைய பேப்பர் பாக்கறதுக்கா சார் அவ்ளோ தூரம்?"

"ஆமா பாய். அரசாங்கப் பேப்பர்."

"நம்ம பேப்பர் ஒண்ணு கூட அங்க எங்கியோ தூங்கிக்கினு இருக்கும்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தூங்கறத எழுப்பாதீங்க சார், பாவம்."

தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ராயப்பேட்டையில் நேராகப் போக வேண்டிய வண்டி இடது பக்கம் திரும்பியது. ஏதோ குறுக்கு வழி என்று இருந்துவிட்டேன். கடைசியில் நந்தனத்தில், பூட்டியிருந்த ஒரு கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. பாய் எஞ்சினை அணைக்கவில்லை. யாரோ வந்து கேட்டைத் திறப்பார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாய் இங்க?"

கேட்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "நம்ம பழைய ஷெட்டு சார் இது. உங்களுக்குக் காட்லாம்னு."

நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்: கொலம்பஸ், இரண்டாம் பயணம். கட்டுரைக்குக் கடைசிப் பத்தி கிடைத்துவிட்டது.

காப்பக வாசலில் இறங்கினேன். நோட்டும் பேனாவும் நீண்டன. தேதி, ஊர், கிலோமீட்டர் எல்லாம் எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவருடைய கோப்பைத் தோண்டுவதற்கென்று அவருடைய வண்டியிலேயே வந்திறங்கிவிட்டு அவருடைய நோட்டில் கையெழுத்தும் போடுவது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"திரும்பவும் உங்க வண்டிதானே பாய். அப்ப சேத்துப் போட்டுடறேன்."

"சரி சார். பயணம் பாக்கி இருக்கு" என்று நோட்டை மூடினார்.

உள்ளே ஆய்வாளர் அறைக்குப் பொறுப்பு சொர்ணம் மேடம். பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுப்பார். சிரிக்க மாட்டார். சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இது குறிப்புக் கட்டு, ஆபீசுக்குள்ள எழுதினது. வெளியிலேர்ந்து வந்த கடிதக் கட்டு தனியா இருக்கணும். அடுக்குல காணோம், தேடணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

"இதுவே போதும் மேடம்" என்றேன். நான் செய்த தவறு இந்த மூன்று சொல்தான்.

ஒரு ஜனாதிபதியின் நாளை அரசாங்கம் எப்படிச் செய்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை எழுதிப் பயனில்லை. அந்த நாட்டுக்கு இப்போது வேறு பெயர், அவரும் இல்லை. நிகழ்ச்சி நிரல் நிமிஷக் கணக்கில் தட்டச்சாகி இருந்தது. 7.45 சிற்றுண்டி. 8.30 முதல் 10.05 வரை ஒதுக்கப்பட்ட நேரம், அதாவது ஓய்வு. 10.08 காரில் ஏறுதல். 10.10 கிண்டியிலிருந்து புறப்பாடு. 10.30 அண்ணா சாலையில் ஒப்பந்தக் கையெழுத்து. 10.34 புகைப்படம். 10.40 இளநீர். அந்த இளநீருக்கு மாற்றாக எலுமிச்சை ரசம் தயாராக இருக்க வேண்டும் என்று ஓரத்தில் ஓர் அதிகாரி, தேவையில்லை என்று இன்னொருவர்.

நடந்தது வேறு. ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஜனாதிபதி கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று தன் செயலாளருடன் உபரிக் காரில் கிளம்பியிருக்கிறார். அந்தக் காரின் டிரைவர் ஹபீபுர் ரஹ்மான். கையெழுத்து நடந்தது 11.10க்கு. விலை ஏறவில்லை, ஏற்கெனவே பேசிய விலைதான். ஜனாதிபதியோடு வந்து காத்திருந்த தூதுக்குழுவிடம் தெரிவிக்க வேண்டியது 'வருத்தம்' போதுமா, 'மிகுந்த வருத்தம்' வேண்டுமா என்று நான்கு அதிகாரிகள் ஐந்து நாள் விவாதித்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் தூதுக்குழு ஊருக்கே போய்விட்டது.

கட்டின் கடைசியில் பாயின் விளக்கக் கடிதம். "கடற்கரையிலிருந்து திரும்பும்போது நான் வழி தவறி ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டைப் பகுதிகளில் சுற்றிவிட்டேன். தவறு முழுதும் என்னுடையது." அதன்கீழ் கண்டன உத்தரவு. லாரிக்கு மாற்றம்.

கச்சேரி ரோட்டில் பிறந்து வளர்ந்தவன் ஆழ்வார்பேட்டையில் வழி தவறுவது, சொந்த வீட்டில் சமையலறையைத் தேடுவது மாதிரி. அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சிரிப்பு. அடையாறு என்ற சொல்லைக் கட்டு முழுக்கத் தேடினேன், இல்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாதது நடக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். நிரல் என்பது நடக்க வேண்டியதன் பட்டியல் என்பதும், நடந்ததற்கு அது சாட்சி ஆகாது என்பதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனவனுக்கும் தெரியும்.

எழுத அவசரம். பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்து பறக்கும் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச்சில் கட்டுரை வந்தது. பெயரை மாற்றியிருந்தேன். கச்சேரி ரோட்டில் ஒரே ஒரு கொலம்பஸ் இருக்கும்போது பெயரை மாற்றி என்ன? நந்தனத்துப் பூட்டிய கேட்டோடு முடித்திருந்தேன்: இந்தியாவைத் தேடிப் போனவர் இன்னும் கிளம்பிய துறைமுகத்தையே தேடிக்கொண்டிருக்கிறார் என்று. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. அய்யாதுரை அண்ணாச்சி அதை வெட்டி, பாட்டில் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டினார்.

"விலை ஏறலைன்னு எழுதிருக்கேன், பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"கோப்புல எழுதினா ஆச்சாவே? அந்தக் கல்யாணத்துல நான்லா இருந்தேன்."

பாய் அதற்குப் பிறகு டீக்கடைக்கு வரவில்லை. அஸ்மத்துன்னிசாவுக்குப் போன் செய்து, "கோப்பில் அடையாறே இல்லை, நிஜமாகவே வழி தவறியிருக்கிறார்" என்றேன். "சர்க்காரும் அவுரு சொன்னதயே எழுதி வெச்சிருக்கா" என்றார். "சரி வைங்க."

மே மாதம் ஜானு மாமி ஒரு விஷயம் சொன்னார். அசோக் நகரில் கண் டாக்டரைப் பார்க்க வேனில் ஏறினாராம். "கண்ண மூடிண்டு உக்காந்திருந்தேன். வண்டி நின்னுது. பாத்தா அடையார். அந்த கேன்சர் ஆஸ்பத்திரி வாசல்! பகவானேன்னு ஆயிடுத்து. அவர் எறங்கி வந்து கதவத் தொறந்துவிட்டு, 'நீங்க போய்ட்டு வாங்க சார், நான் இங்கயே நிக்கறேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'ங்கறார். என்னப் போய் சார்ங்கறாரேன்னு பயந்துட்டேன். ஆட்டோ பிடிச்சு வந்தேன். ஆனா அந்த நோட்ல கையெழுத்து மட்டும் போடல. போட மனசு வரல."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் பொறிதட்டவில்லை. வயசாகிவிட்டது, பாவம் என்று சொன்னேன். ஜூனில் அஸ்மத்துன்னிசா வேன் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தார். அப்புறம் வேனையே விற்றாயிற்று.

டிசம்பரில் சொர்ணம் மேடத்திடமிருந்து போன்.

"உங்க கட்டுரை படிச்சேன் சார்."

"எப்படி இருந்தது மேடம்?"

"பாதிக் கோப்பப் படிச்சிட்டு முழுக் கட்டுரை எழுதியிருக்கீங்க. கடிதக் கட்டு கிடைச்சிடுச்சு. முந்திரிங்கறதால யாரோ விவசாயத்தோட சேத்துக் கட்டியிருக்காங்க. நேரம் கிடைச்சா வாங்க. கிடைக்கலேன்னாலும் வாங்க."

போனேன். சொர்ணம் மேடம் பென்சிலைக் கொடுத்துவிட்டு, தானே நாடாவை அவிழ்த்து, ஒரு தாளை மேலே எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஜனாதிபதி ஊருக்குப் போய் ஏழு மாதம் கழித்து, அவருடைய முத்திரைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி, அவரே கையெழுத்திட்ட கடிதம். நகல் கேட்டால் விண்ணப்பம், ஒப்புதல் என்று மாதமாகும் என்பதால் கையால் எழுதிக்கொண்டேன். தமிழில் அது இப்படி வரும்:

"நான் உங்கள் நகரத்தில் கால்நடை மருத்துவம் படித்தவன். விடுதியில் என் அறைத் தோழனாக இருந்தவன், நான் வந்த சமயம் அடையாற்றிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். என்ன நோய் என்று அவன் வீட்டாருக்கே தெரியாது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். நான் அங்கே போனது தெரிந்தால் மறுநாள் செய்தித்தாள்களில் வரும். ஆகவே கார் ஓட்டியவரிடம், எங்கே போனோம் என்று எவரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்குக் கேட்டேன். கொடுத்தார். வழி தவறியதாகச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அதைவிட நல்லதாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது என்னால் பேச முடியவில்லை. கேட்காமலே எனக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து, தானும் ஒன்றைக் குடித்தபடி காருக்கு வெளியே நின்றார். இறங்கும்போது ஒரு நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். எங்கே போனோம் என்று அதில் உண்மையாகவே எழுதியிருந்தது. மீட்டரிடம் பொய் சொல்ல முடியாது என்றார். என் நண்பன் சென்ற மாதம் இறந்துவிட்டான். மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. எனவே அந்த ஓட்டுநர் தன் வாக்கிலிருந்து விடுபட்டார் என்பதை அவரிடம் தெரிவித்து, என் நன்றியையும் சொல்ல வேண்டுகிறேன்."

கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு. "பார்த்தேன். மேற்படி ஓட்டுநர் கண்டனம் பெற்றவராகையால் தெரிவிக்க வேண்டியதில்லை. கோப்பில் வைக்கவும்." அதற்கு அடுத்த தாள், லாக் புக்கைப் பற்றி: ஐந்தாண்டுக் கெடு முடிந்ததால் அழிக்கப்பட்டது.

ஆக, உண்மையை எழுதிய நோட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். பொய்யை எழுதிய கடிதம் நிரந்தரப் பாதுகாப்பில், கரையான் மருந்து தெளித்து, நாடா கட்டி இருக்கிறது. இதைப் பற்றி நான் நையாண்டியாக ஏதாவது எழுதியிருக்க வேண்டும். பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே திருத்தம் போடலாமா என்று பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். செய்தி என்றால் திருத்தம் உண்டு, நையாண்டிக்கு ஏது திருத்தம் என்றார். இத்தனை நாள் எனக்கு வசதியாக இருந்த சட்டம்தான் அது.

சந்து வீட்டுக்குப் போனபோது பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அதே மடிப்பு. என்னை யாரென்று தெரிந்த மாதிரியும் இருந்தது, மரியாதைக்குத் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்வதாகவும் பட்டது. அஸ்மத்துன்னிசா கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். பச்சை மைக் குறிப்பைப் படிக்கவில்லை. அப்புறம், படிக்காமல் விடுவது மறுபடியும் பாதிக் கட்டாகிவிடும் என்று அதையும் படித்தேன்.

அஸ்மத்துன்னிசா தரையிலிருந்தே கணவரைப் பார்த்தார்.

"ரெண்டாவது கிளாஸு அந்த சாருக்கா" என்றார்.

"ஆமாம்மா."

"ஆம்பளைக்கு."

"ஆமாம்."

எழுந்து போய்க் கணவர் பக்கத்தில் நின்றார். "இன்னாங்க. கேட்டீங்களா? அவுரு உங்கள விட்டுட்டாராம். நாப்பது வருசத்துக்கு முன்னாடியே விட்டுட்டாராம். இப்ப சொல்லலாம். எங்க போனீங்க அன்னிக்கு?"

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், மேலதிகாரியைப் பார்ப்பதுபோல்.

"வழி தவறிட்டேன் சார். எழுதிக் குடுத்துட்டேனே."

"அடையார் ஆஸ்பத்திரிக்குப் போகலியா?" என்று அவர் தோளைப் பிடித்தார் அஸ்மத்துன்னிசா.

"ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை" என்றார் பாய். "தப்பு முழுக்க என்னுது."

அவர் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரா, அல்லது எல்லாம் அழிந்து அந்தக் கடிதத்தில் எழுதியது மட்டும்தான் மிச்சமா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மார்ச்சில் கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக இரண்டு நாள் பொறுத்திருந்தால் அன்று கண்டுபிடித்திருக்கலாம். நந்தனத்துக் கேட்டின் முன்னால் நின்ற அன்று அவரிடம் இன்னும் முக்கால்வாசி மெட்ராஸ் இருந்தது.

அஸ்மத்துன்னிசா உள்ளே போனார். ஸ்பூன் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு. டீயைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார். பாய் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"யாரு போட்டது? நல்லா இல்லியே."

அஸ்மத்துன்னிசா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்றார். "நாப்பது வருசம் அர ஸ்பூனு" என்றார், யாரிடமும் இல்லாமல். "அதுவே பழகிப்போச்சு மன்ஷனுக்கு."

நான் எழுந்தேன். அஸ்மத்துன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து நீள நோட்டை எடுத்து வந்தார். வேன் போன பிறகும் அதைப் பாய் விடவில்லையாம், தலையணைக்குக் கீழேதான் இருக்குமாம்.

"உங்க பேரு இதுல பாக்கி நிக்குதுங்க. அன்னிக்கு நீங்க உள்ள போனதுக்கு அப்பறம், கேட்ட மூடற வரைக்கும் வெளியவே நின்னுகினு இருந்தாரு. 'சார் கையெழுத்து போடணும், விட்டுட்டு வர முடியாது'ன்னு எனக்குப் போன் பண்ணாரு. அதையாவது போட்டுட்டுப் போங்க."

பக்கத்தைத் திறந்தேன். பிப்ரவரி மாதத்துத் தேதி. மயிலாப்பூர், நந்தனம், ஆவணக் காப்பகம். நந்தனத்தை விட்டுவிடாமல் எழுதியிருந்தார். கிலோமீட்டர் சரியாக இருந்தது. கடைசிக் கட்டம் காலி. சில பக்கம் தள்ளி ஜானு மாமியின் கட்டமும் காலி: அசோக் நகர் என்று எழுதி, அடித்து, அடையாறு என்று எழுதியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பாய் நாற்காலியிலிருந்து கையை நீட்டி, என் விரல்களுக்கு அடியிலிருந்து நோட்டை மெதுவாக இழுத்துக்கொண்டார். மூடி மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"இருங்க சார்" என்றார். "வண்டி இன்னும் போய் சேரல."